நாற்பதைத் தாண்டி வயோலா: கிரேடு பரீட்சைக்குப் போகலாமா?

2024 மார்ச் 9: வாசகர் ஒருவரின் கேள்வி

"வயது 41, கோயம்புத்தூர். பள்ளி நாட்களில் கர்நாடக வயலின் கற்றேன், வர்ணம் வரை வந்தது, அப்புறம் கல்லூரி, வேலை என்று விட்டுப்போயிற்று. போன வருடம் வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரிய, கனத்த ஒலியுள்ள வாத்தியம்) வாங்கி வாரம் ஒரு வகுப்பு போகிறேன். ஆசிரியர் மேற்கத்திய இசையில் படிப்படியாக ஏறும் கிரேடு பரீட்சை எழுதச் சொல்கிறார். என் கட்சி இதுதான்: கிரேடு பரீட்சை பிள்ளைகளுக்கானது, இந்த வயதில் சான்றிதழை வைத்து நான் என்ன செய்யப்போகிறேன்? அப்படியே போவதானாலும் வீடியோ எடுத்து அனுப்பும் பரீட்சை வந்துவிட்டது. அதில் சைட் ரீடிங் (புதுத் தாளைப் பார்த்தவுடன் வாசிப்பது) இல்லை, பாடிக் காட்டவும் வேண்டாம். பிறகு எதற்கு நேரில் போய் ஒரு அந்நியர் முன் கை நடுங்க நிற்க வேண்டும்? உங்கள் அனுபவம் என்ன அக்கா?"

2024 மார்ச் 10

சான்றிதழைப் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். எனக்கும் அதனால் ஆகவேண்டியது ஒன்றும் இல்லை. மற்றதில் எனக்கு உடன்பாடு இல்லை.

வயோலா தனியாக அமர்ந்து வாசித்துத் திருப்தி அடைவதற்கான வாத்தியம் இல்லை. தனி வாசிப்புக்கு அருமையான இசை இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் அதன் இயல்பான இடம் நடுவில், மேலே இரண்டு வயலின், கீழே செல்லோ, இடையில் நாம். அந்த இடத்தில் உட்கார்ந்தால் முதலில் தேவைப்படுவது தாளைப் பார்த்தவுடன் நிற்காமல் வாசிக்கும் திறமை. மெட்டு நம்மிடம் இல்லாததால் காதால் ஊகித்து ஒப்பேற்ற முடியாது. வயலின்காரர் மெட்டைக் கேட்டே பாதி வாசித்துவிடுவார், நமக்கு வருவதோ ஒரு மாத்திரை விட்டு ஒரு மாத்திரை வரும் துணைச் சுரங்கள், திடீரென்று ஒரு ஷார்ப் (சுரத்தை அரைப்படி ஏற்றும் குறி), அப்புறம் மூன்று பார் (தாளச் சுற்று) மௌனம், அந்த மௌனத்தை எண்ணிச் சரியான இடத்தில் நுழைய வேண்டும்.

அதனால்தான் நேர்த் தேர்வை நான் விரும்புகிறேன். ஏ.பி.ஆர்.எஸ்.எம். என்னும் லண்டன் இசைத் தேர்வு வாரியத்தின் நேர்த் தேர்வில் மொத்தம் 150 மதிப்பெண்: மூன்று உருப்படிகளுக்குத் தலா 30, ஸ்கேல்களுக்கு 21, சைட் ரீடிங்குக்கு 21, காதுப் பயிற்சிக்கு 18. தேற 100 வேண்டும், 120 வந்தால் மெரிட், 130 வந்தால் டிஸ்டிங்ஷன். நீங்கள் தப்பிக்க நினைக்கும் சைட் ரீடிங்குக்கு எந்தப் பெரியவரும் தானாக முன்வந்து உட்கார்வதில்லை. தேதி குறித்தால்தான் உட்காருவோம். எனக்குப் பரீட்சையின் பயன் அது ஒன்றுதான், அது போதும்.

கை நடுக்கம் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

2024 மார்ச் 11

மறந்துபோனது: உங்கள் வயோலா எத்தனை அங்குலம்? அதை முதலில் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

2024 மார்ச் 13

15½ என்று பதில் வந்திருக்கிறது. நல்லது.

மற்றவர்களுக்காக எழுதுகிறேன். வயலினின் உடல் நீளம் ஏறக்குறைய 35.5 சென்டிமீட்டர் என்று நிலைத்துவிட்டது. வயோலாவுக்கு அப்படி ஒரு அளவே கிடையாது, பெரியவர்கள் வாசிப்பது 15 அங்குலத்திலிருந்து 17 வரை போகும். காரணம் எளிது. வயலினைவிட ஒரு பஞ்சமம் கீழே ஒலிக்க வேண்டிய வாத்தியம், அந்தக் கணக்கில் பார்த்தால் வயலினைப்போல் ஒன்றரை மடங்கு, அதாவது 53 சென்டிமீட்டர் இருந்தாக வேண்டும். அதைத் தோளில் வைத்து யாரும் வாசிக்க முடியாது. ஆகவே எல்லா வயோலாவும் ஒரு சமரசம். ஆங்கில வயோலாக் கலைஞர் லயனல் டெர்டிஸ் பெரிய ஒலிதான் வேண்டும் என்று கருதியவர், அவர் பெயரில் வந்த வடிவம் 16¾ அங்குலம். நம்மில் பெரும்பாலோருக்கு அது தோள்பட்டை வலியில் போய் முடியும்.

கடையில் இடது கையை நன்றாக நீட்டி வாத்தியத்தைத் தாடையில் வைத்துப் பாருங்கள். சுருள்தலையை முழங்கை லேசாக மடிந்த நிலையிலேயே உள்ளங்கை பிடிக்க வேண்டும், முழங்கை முற்றிலும் விறைத்தால் அது பெரிய வாத்தியம். அத்தோடு சுண்டுவிரலை ஸீ தந்தியின் (மிகத் தடித்த அடித் தந்தி) மேல் வைத்துப் பாருங்கள். கடைக்காரர் ஜீ தந்தியில் வைத்துக் காட்டச் சொல்வார், அது போதாது.

முதலில் ஒரு கடையில் எனக்குக் காட்டியது வயலின் உடலில் வயோலா தந்தி மாட்டியது. சிறுபிள்ளைகளுக்கு அப்படிச் செய்வது உண்டு, பெரியவர்களுக்கு வேண்டாம். அடித் தந்தி தொளதொளவென்று கிடக்கும், வில் பட்டால் ஒலிக்கு பதில் உறுமல்தான் வரும்.

2024 மார்ச் 24

கர்நாடக வயலின் தெரிந்தால் வயோலா எளிதா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். நானும் அந்தப் பாதையில் வந்தவள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எளிதாவது காது. வயோலாவின் நான்கு தந்திகள் கீழிருந்து ஸீ, ஜீ, டீ, ஏ. நம் கணக்கில் 1, 5, 2, 6 கட்டை. பக்கத்துப் பக்கத்துத் தந்திகள் எல்லாமே ஸ-ப உறவு. ஆகவே சுருதி சேர்ப்பது நமக்குப் பழகிய வேலை. ஆனால் நம் வயலினில் ஸ-ப-ஸ-ப என்று சேர்ப்போம், இங்கே ஸ-ப-வுக்கு அடுத்தது மேல் ஸட்ஜம் இல்லை, ரிஷபம். ஒரு தந்தியில் பிடித்த விரல் அமைப்பு இரண்டு தந்தி தள்ளி அப்படியே வராது. ஆரம்பத்தில் எனக்கு இது எரிச்சலாக இருந்தது, இப்போது அதுவே பிடித்திருக்கிறது, ஏனென்றால் எந்த ஸ்கேல் எந்தத் தந்தியில் தொடங்கினாலும் அதற்கென்று ஒரு தனி நிறம் வருகிறது.

சிரமமாவது உடல். சம்மணமிட்டு உட்கார்ந்து, வாத்தியத்தின் தலையைக் கணுக்காலில் முட்டுக்கொடுத்து வாசித்துப் பழகியவர்களுக்கு இடது கை வாத்தியத்தைத் தாங்கும் பொறுப்பே இல்லாமல் முழு விடுதலையோடு மேலும் கீழும் வழுக்கும். நின்றுகொண்டு வாசிக்கும்போது அந்த விடுதலையைத் தாடையும் காரை எலும்பும்தான் வாங்கித் தரவேண்டும். அப்புறம் சுண்டுவிரல். கமகத்துக்கு அதை நாம் அதிகம் அழைப்பதில்லை, வயோலாவில் நான்கு விரலும் ஒரு சட்டகமாக நிற்க வேண்டும், அதுவும் வயலினைவிட அகலமாக. இது வர நாளாகும். வலித்தால் நிறுத்துங்கள், மறுநாள் தொடருங்கள்.

எம். பாலமுரளிகிருஷ்ணா வயோலாவும் வாசித்தவர் என்பதை இங்கே பலர் அறிந்திருக்க மாட்டார்கள். நம் இசைக்கு அந்தக் கனத்த குரல் பொருந்தும். மேற்கத்திய பயிற்சி முடித்த பிறகும் நான் வீட்டில் அதில் காம்போஜி வாசிக்கிறேன், ஆசிரியருக்கும் தெரியும்.

2024 ஏப்ரல் 7

ஆல்டோ கிளெஃப், அதாவது எந்தக் கோட்டில் எந்தச் சுரம் என்று வயோலாத் தாளில் சொல்லும் குறி. பயப்படாதீர்கள்.

நடுக்கோடுதான் மிடில் ஸீ (பியானோவின் நடுவில் உள்ள ஸீ). அதை மட்டும் மனதில் ஊன்றிக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு அழகு: திறந்த தந்திகள் நான்கும் கோட்டில் இல்லை, இடைவெளியில்தான் வரும். ஸீ கீழே துணைக்கோட்டுக்கு அடியில் தொங்கும், ஜீ அடியிலிருந்து முதல் இடைவெளி, டீ நடுக்கோட்டுக்கு நேர் மேலே உள்ள இடைவெளி, ஏ மேல்கோட்டின் தலைமேல் உட்கார்ந்திருக்கும். இந்த நான்கும் நடுக்கோடும் கண்ணுக்குப் பழகிவிட்டால் மற்றவை அவற்றின் அக்கம்பக்கம்தான்.

2024 ஏப்ரல் 8

நேற்று எழுதியதைப் பார்த்து ஒரு வயலின்காரர் கேட்கிறார்: "ட்ரெபிள் கிளெஃப் (வயலின் தாளின் குறி) என்று நினைத்துக்கொண்டு தேர்ட் பொசிஷன் (கையை மேலே நகர்த்தி வைக்கும் மூன்றாம் நிலை) விரலை வைத்தால் ஆல்டோ தானாக வந்துவிடுகிறதே, எதற்குப் புதிதாகக் கற்க வேண்டும்?"

உண்மைதான், வரும். நடுக்கோட்டை ட்ரெபிளில் பீ என்று படித்து வயலினின் தேர்ட் பொசிஷனில் டீ தந்தியில் மூன்றாம் விரல் வைப்பீர்கள், வயோலாவிலும் ஜீ தந்தியில் மூன்றாம் விரல்தான் மிடில் ஸீ. விரல் தானாகச் சரியாக விழுகிறது. ஆனால் மூளையில் இருக்கும் சுரத்தின் பெயரும் காதில் விழும் சுரமும் வேறு வேறு. ஷார்ப், ஃபிளாட் கூடினால் குழப்பம், வயோலாவிலேயே தேர்ட் பொசிஷனுக்குப் போக வேண்டிய இடத்தில் இரட்டைக் கணக்கு, நடுவில் ஆசிரியர் "அந்த எஃப் நேச்சுரலைப் பாருங்கள்" என்றால் எந்த எஃப் என்று தேட வேண்டும். சைட் ரீடிங்கில் அதற்கெல்லாம் நேரம் இல்லை. இந்தக் குறுக்குவழியில் போனவர்கள் நாலாவது கிரேடு அளவில் திரும்பி வந்து அரிச்சுவடியிலிருந்து தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன். முதல் நாளிலிருந்தே ஆல்டோவை ஆல்டோவாகப் படியுங்கள்.

2024 ஏப்ரல் 8, இரவு

மேல் சுரங்களுக்கு வயோலாத் தாளிலும் ட்ரெபிள் கிளெஃப் வரும், உயர் கிரேடுகளில். அப்போது வயலின் பழக்கம் கைகொடுக்கும். ஒன்றும் வீண் போவதில்லை.

2024 மே 19

ஸீ தந்தி பேசவில்லை என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். கோபப்படாமல் கேளுங்கள், அதற்குக் கொஞ்சம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கனமான தந்தி, அசையத் தொடங்கவே நேரம் எடுக்கும். வயலினில் வில் பட்டதும் ஒலி வரும், இங்கே வில் தந்தியைக் கவ்விப்பிடித்த பிறகுதான் இழுக்க வேண்டும். விரல் நுனியால் அழுத்தாதீர்கள், முதுகிலிருந்து கையின் பாரம் இறங்கட்டும். வில்லை மெதுவாக இழுங்கள், பாலத்துக்குச் சற்று அருகில் வையுங்கள். வலது முழங்கை உயர வேண்டும், இடது முழங்கை வாத்தியத்தின் அடியில் நன்றாக உள்ளே வர வேண்டும். வயோலா வில் சுமார் 70 கிராம், வயலின் வில் 60. அந்த 10 கிராம் சும்மா கொடுக்கவில்லை, வில்லையே வேலை செய்ய விடுங்கள்.

பழகுவதற்கு: திறந்த ஸீ தந்தியில் முழு வில், மெட்ரோனோம் 60-ல் எட்டு எண்ணிக்கை கீழே, எட்டு மேலே. வேறு எதுவும் வேண்டாம். எங்கள் குடியிருப்பில் பக்கத்து வீட்டு அம்மா, "கப்பல் வருகிற மாதிரி இருக்கிறதே" என்றார். பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். இரவில் ஒலியைக் குறைக்கும் கனமான ரப்பர் மியூட் போட்டுக்கொள்ளலாம், ஆனால் அதிலேயே பழகாதீர்கள், ஒலியின் உண்மையான எடை காதுக்குத் தெரியாமலே போய்விடும்.

2024 ஜூன் 16

தியரி, அதாவது இசை இலக்கணத் தேர்வு. ஏ.பி.ஆர்.எஸ்.எம்.-மில் ஆறாம் கிரேடுக்கும் அதற்கு மேலும் போக தியரி கிரேடு 5 தேறியிருக்க வேண்டும் (அதற்கு ஈடாக ஓரிரு வேறு தேர்வுகளையும் ஏற்கிறார்கள்). வீடியோத் தேர்வுக்கும் இதே விதிதான், அந்தப் பக்கமாகப் போனாலும் இது நிற்கிறது. கணினியில் எழுதும் பரீட்சை, 75-க்கு 50 வேண்டும்.

பெரியவர்களுக்கு இது சாதகமான இடம். பிள்ளைகள் விதிகளை மனப்பாடம் செய்கிறார்கள், நமக்கோ காரணம் புரிந்தால் போதும், மனதில் நின்றுவிடும். இன்னொன்று, கிரேடு 4 தியரியில் ஆல்டோ கிளெஃப் வரும், பியானோ கற்கும் பையன்கள் அதைக் கண்டால் முகம் சுளிப்பார்கள், நமக்கு அது சொந்த வீடு. ஐந்தில் டெனர் கிளெஃப்பும் சேரும், அது ஆல்டோவைவிட ஒரு கோடு மேலே, அவ்வளவுதான்.

டிரினிட்டியில் (இன்னொரு தேர்வு வாரியம்) தியரிக் கட்டாயம் இல்லை. 100-க்கு 60 எடுத்தால் தேர்ச்சி. ஐந்தாம் கிரேடு வரை சைட் ரீடிங், காதுப் பயிற்சி, மனோதர்மமாக வாசித்தல், இசை அறிவு ஆகிய நான்கில் இரண்டை நாமே தேர்ந்துகொள்ளலாம். கற்பனை ஸ்வரம் பழகியவர்கள் மனோதர்மத்தை எடுங்கள், மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் ஆறிலிருந்து அவர்களும் சைட் ரீடிங்கைக் கட்டாயமாக்குகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். எந்தப் பக்கம் போனாலும் அது வழியில் நிற்கிறது, ஏனென்றால் அது இல்லாமல் மற்றவர்களோடு வாசிக்க முடியாது.

2024 ஜூலை 7

ஸ்கேல்களை வெறுக்கிறவர்களுக்கு ஒரு வழி. நமக்கு இவை அந்நியம் இல்லை. மேஜர் என்றால் சங்கராபரணம். ஹார்மோனிக் மைனர் கீரவாணி. மெலோடிக் மைனர் ஏறும்போது கௌரிமனோஹரி, இறங்கும்போது நடபைரவி. எனக்கு இது தெரிந்த அன்று மெலோடிக் மைனர் பயம் அத்தோடு போயிற்று. ஏறுவது ஒரு ராகம், இறங்குவது ஒரு ராகம், நமக்கு என்ன புதுசா?

எச்சரிக்கை: காதுக்குத் தெரிகிறதே என்று கமகத்தோடு வாசித்துவிடாதீர்கள். கீரவாணியின் தைவதமும் நிஷாதமும் அசையாமல், நேராக, ஒன்றுக்கும் மற்றதற்கும் உள்ள இடைவெளி நன்றாகத் தெரிய நிற்க வேண்டும். தேர்வாளர் கேட்பது அந்த இடைவெளியைத்தான். அதோடு ஸீ மேஜர் இரண்டு ஸ்தாயி முழுவதும் கையை நகர்த்தாமல் ஃபர்ஸ்ட் பொசிஷனிலேயே முடிந்துவிடும், திறந்த ஸீயில் தொடங்கி ஏ தந்தியில் இரண்டாம் விரலில் போய் நிற்கும். தினமும் அதில் தொடங்குங்கள்.

2024 ஜூலை 28

சைட் ரீடிங்குக்கு நான் செய்வது என்ன என்று கோவை நண்பர் கேட்கிறார் (கட்சி மாறிக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது, மகிழ்ச்சி).

பரீட்சையில் அரை நிமிடம் தருவார்கள், அந்த நேரத்தில் வாசித்தும் பார்க்கலாம். பலர் முதல் பாரிலிருந்து வாசிக்கத் தொடங்கி நாலாவது பாரில் நேரம் முடிந்து திகைப்பார்கள். அப்படி வேண்டாம். கீ சிக்னேச்சர், தாளம், அப்புறம் கண்ணை ஓடவிட்டு மிகச் சிறிய சுரக் கூட்டம் எங்கே என்று பார்த்து அதை வைத்து வேகத்தை முடிவு செய்யுங்கள். அந்தக் கடினமான பாரை மட்டும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். கடைசிச் சுரம் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். தொடங்கிய பிறகு நிற்கக் கூடாது. தவறிய சுரத்தைத் திரும்ப வாசிப்பதைவிட மோசம் எதுவும் இல்லை, தாளம் போய்விடும். கச்சேரியில் பாடகர் போய்க்கொண்டே இருப்பார், வயலின் அங்கே நின்று திருத்திக்கொண்டா இருக்கும்?

வீட்டில் பழக, நம் கிரேடுக்கு இரண்டு கிரேடு கீழே உள்ள தாள்களை எடுத்து தினமும் ஒரே ஒரு முறை வாசியுங்கள். ஒரே முறை. மறுமுறை வாசித்தால் அது சைட் ரீடிங் இல்லை, பாடம். ஐ.எம்.எஸ்.எல்.பி. தளத்தில் ஹைடனின் குவார்டெட்களுக்கு (இரண்டு வயலின், வயோலா, செல்லோ என நால்வர் வாசிப்பவை) வயோலாத் தாள் தனியாகக் கிடைக்கிறது, காப்புரிமை முடிந்தவை. மெட்ரோனோமைப் பாதி வேகத்தில் வைத்து அவற்றின் மெதுவான பகுதிகளை வாசிக்கலாம். தனியாகக் கேட்க ஒன்றும் இருக்காது, அடுத்து யூடியூபில் அதே குவார்டெட்டைப் போட்டுக் கேளுங்கள், நீங்கள் வாசித்த வரி உள்ளே எங்கே ஓடுகிறது என்று தேடுங்கள். நான் கற்றதில் மிகப் பெரிய இன்பம் அதுதான்.

2024 செப்டம்பர் 1

மார்ச்சில் நேர்த் தேர்வுதான் என்று அடித்துச் சொன்னேன். தூத்துக்குடியிலிருந்து ஒரு அம்மா எழுதியதைப் படித்த பிறகு அதைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். ஊரில் துணைக்குப் பியானோ வாசிக்க ஆள் அரிது, மாமியாரைத் தனியே விட்டுச் சென்னை வர முடியாது, ஆன்லைனில்தான் வகுப்பு. அவரைப் போய் நேர்த் தேர்வு எழுதுங்கள் என்று சொல்வது நியாயம் இல்லை.

அதோடு வீடியோத் தேர்வை எளிது என்று நினைப்பதும் சரியில்லை. 2020-ல் அது வந்தபோது நானும் சந்தேகப்பட்டேன். நான்கு உருப்படிகள், ஒவ்வொன்றுக்கும் 30, மீதி 30 ஒட்டுமொத்தக் கச்சேரிக்கு. ஒரே தொடர்ச்சியான வீடியோ, வெட்டி ஒட்டக் கூடாது. நான்காவது உருப்படியில் தோள் கனக்கும்போதும் ஒலி சோர்ந்துபோகாமல் இருக்க வேண்டும். எதை முதலில் வைப்பது, எதில் முடிப்பது என்ற யோசனையும் வேண்டும். அது வேறு ஒரு நல்ல பயிற்சி, கச்சேரிப் பயிற்சி.

ஆகவே இப்போது சொல்வது: வசதி உள்ளவர்கள் ஒரு கிரேடு நேரில், அடுத்தது வீடியோ என்று மாற்றி மாற்றிப் போங்கள். வீடியோ மட்டுமே முடியும் என்றால் அதைச் செய்யுங்கள், ஆனால் சைட் ரீடிங்கை வீட்டில் கைவிடாதீர்கள். அந்த அம்மா தன் மகளின் வயலினோடு ஞாயிற்றுக்கிழமை டூயட் படிக்கத் தொடங்கியிருக்கிறார். எந்தத் தேர்வாளரும் தர முடியாத பயிற்சி அது.

2024 அக்டோபர் 20

மழைக்காலம் வந்துவிட்டது. சென்னை ஈரத்தில் பிருடை (தந்தியை முறுக்கும் ஆணி) உப்பி நகரவே மாட்டேன் என்கிறது, ஏ.சி. அறைக்குள் போனால் அதே பிருடை தானாகச் சுழன்று தந்தி அவிழ்ந்துவிடுகிறது. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள், பிருடைக்குரிய பசையை ஒரு துளி தடவுங்கள். சமையலறை எண்ணெய் எதுவும் வேண்டவே வேண்டாம்.

2024 நவம்பர் 3

காதுப் பயிற்சியில் பாடச் சொல்கிறார்களே, குரல் இல்லையே என்று ஒருவர். குரல் இனிமையைப் பார்ப்பதில்லை. சுருதியும் தாளமும்தான். முனகினாலும் போதும், சீட்டியும் அடிக்கலாம். சரளி வரிசை பாடியவர்களுக்கு இதில் எந்தக் கவலையும் தேவையில்லை.

2024 நவம்பர் 17

இன்று நேராகச் சொல்லாமல் சுற்றி வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயோலாவைப் பற்றிக் கிண்டல் துணுக்குகள் ஆயிரம் உண்டு, ஒன்றையும் இங்கே எழுதப்போவதில்லை. அவற்றுக்குப் பழைய காரணம் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் வயலினில் தேறாதவர்களை வயோலாவுக்குத் தள்ளும் வழக்கம் இருந்தது, ஜெர்மன் புல்லாங்குழல் கலைஞர் குவான்ட்ஸ் 1752-லேயே இந்த வாத்தியத்துக்கு மதிப்பு இல்லாததைக் குறித்து எழுதியிருக்கிறார். ஆனால் அதே காலத்தில் பாருங்கள். பாக் 1721-ல் அர்ப்பணித்த ஆறு பிராண்டன்பர்க் கான்செர்ட்டோக்களில் ஆறாவதில் வயலினே இல்லை, இரண்டு வயோலாக்கள்தான் முன்னால். டெலமான் வயோலாவுக்கு ஜீ மேஜரில் ஒரு கான்செர்ட்டோ எழுதினார், இன்றுவரை நம்மைப் போன்ற மாணவர்கள் கால் பதிக்கும் முதல் பெரிய படைப்பு அது. மோட்சார்ட் நண்பர்களோடு குவார்டெட் வாசிக்கும்போது எடுத்துக்கொண்டது வயோலா, 1784-ல் வியன்னாவில் ஒரு மாலை ஹைடனும் டிட்டர்ஸ்டார்ஃபும் வயலின், மோட்சார்ட் வயோலா, வான்ஹால் செல்லோ. பீத்தோவன் பான் நகரில் இளைஞராக இருந்தபோது ஆர்கெஸ்ட்ராவில் வயோலா. ட்வோர்ஷாக் பிராகில் பல வருடம் வயோலா வாசித்துத்தான் பிழைத்தார்.

இசையமைப்பாளர்கள் ஏன் அந்த நாற்காலியை விரும்பினார்கள் என்பது அங்கே உட்கார்ந்தால்தான் புரியும். ராகத்தின் நிறத்தை மாற்றும் சுரம், மேஜரா மைனரா என்று தீர்மானிக்கும் அந்த ஒரு சுரம், அடிக்கடி நம் வரியில்தான் இருக்கும். அதை அரை இழை கீழே வாசித்தால் நால்வருக்கும் கசக்கும், சரியாக வைத்தால் மேலே வாசிப்பவர் திரும்பிப் பார்ப்பார்.

கோடம்பாக்கத்து ரெக்கார்டிங்குகளில் வாசித்த என் ஆசிரியர் சொல்வது: சினிமாப் பாட்டில் வயோலாவைத் தனியாக யாரும் கவனிப்பதில்லை, அதை எடுத்துவிட்டால் எல்லோரும் கவனிப்பார்கள்.

2024 நவம்பர் 24

கை நடுக்கம். மார்ச்சில் எழுதுகிறேன் என்றது இப்போதுதான் முடிகிறது.

நடுக்கம் வலது கையில்தான் முதலில் தெரியும், வில்லின் மேல்பாதியில் மெதுவாக இழுக்கும்போது. அதனால் மெதுவான உருப்படியை முதலில் வைக்காதீர்கள். ஏ.பி.ஆர்.எஸ்.எம். நேர்த் தேர்வில் பகுதிகளின் வரிசையை நாமே சொல்லலாம். நான் ஸ்கேலில் தொடங்குவேன், ஏனென்றால் அறையின் ஒலியை அதில் அளந்துகொள்ளலாம், ஸீ தந்தி அந்தச் சுவர்களில் எப்படித் திரும்பி வருகிறது என்று தெரிந்துவிடும். பியானோ வாசிப்பவர் காத்திருக்கச் சலித்துக்கொள்வார் என்றால் வேகமான உருப்படியில், வில்லின் அடிப்பாதியில் உறுதியாக ஒரு கீழ்வில்லோடு தொடங்குங்கள்.

துணைக்கு வருபவரை நாமே அழைத்துப் போக வேண்டும், தேர்வாளர் வாசிக்க மாட்டார். ஆசிரியரே வாசிக்கலாம். ஒன்றுக்கு மேற்பட்ட தடவை அவரோடு முழுவதும் ஒத்திகை பாருங்கள், பணம் செலவானாலும் பரவாயில்லை. தனியாக மாதக்கணக்கில் பழகியது பியானோ சேர்ந்ததும் வேறு பாட்டாகிவிடும். பியானோவின் ஏ-க்குச் சுருதி சேர்த்துக்கொள்ளுங்கள், நடுவில் கலைந்தால் கேட்டுவிட்டு மறுபடியும் சேருங்கள், யாரும் தவறாக எண்ண மாட்டார்கள்.

எதிரில் உட்கார்ந்திருப்பவர் அந்நியர்தான். ஆனால் நாம் ஒரு வருடம் உழைத்ததை முழுக் கவனத்தோடு கேட்க ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், நம் வீட்டில்கூட அப்படி யாரும் கேட்பதில்லை. இது எனக்குப் பெரிய தைரியம் தந்தது.

2024 டிசம்பர் 15

மார்கழிக் கச்சேரி, அலுவலக வேலை, இரண்டுக்கும் நடுவில் பயிற்சிக்கு நேரம் இல்லை என்பவர்களுக்கு: ஞாயிறு மூன்று மணி நேரத்தைவிடத் தினமும் இருபது நிமிடம் மேல். வயோலா தோளில் ஏறும் வாத்தியம், மொத்தமாக வாசித்தால் கழுத்து பிடித்துக்கொண்டு அடுத்த இரண்டு நாள் போய்விடும். வாத்தியம் இல்லாத நேரத்தில் பஸ்ஸிலோ ரயிலிலோ தாளைப் பார்த்து மனதுக்குள் சுரப் பெயர் சொல்லிக்கொண்டு போங்கள். அதுவும் பயிற்சிதான், முழு மதிப்பெண் தருகிறேன்.

2025 பிப்ரவரி 9

ஆறாம் கிரேடு முடிவு வந்தது, மெரிட். சைட் ரீடிங்கில் 21-க்கு 17. மொத்தத்தைவிட அந்த எண்தான் எனக்கு இனித்தது. உருப்படிகளில் தேர்வாளரின் குறிப்பு மேல் பொசிஷனில் சுருதி இன்னும் உறுதியாக வேண்டும் என்கிறது, சரியான குறிப்பு, ஷிஃப்ட் (கையை ஒரு பொசிஷனிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும்) பயிற்சியை இந்த வாரமே தொடங்கிவிட்டேன்.

கோவை நண்பர் நேர்த் தேர்வுக்கே பதிவு செய்திருக்கிறார், மூன்றாம் கிரேடு. துணைக்குப் பியானோ வாசிக்க ஆள் தேடுகிறார். கோவையில் யாரையாவது தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள், ஒத்திகைக்கும் சேர்த்து நேரம் ஒதுக்கக் கூடியவராக இருக்கட்டும்.

2025 பிப்ரவரி 10

இன்னொரு வேண்டுகோள். ஆறாவது பிராண்டன்பர்க்கின் முதல் பகுதியை மெதுவான வேகத்தில் படித்துப் பார்க்க ஆசை. சென்னையில் இரண்டாவது வயோலா வேண்டும். செல்லோ ஒருவர் கிடைத்துவிட்டார், மீதி வரிகளைக் கீபோர்டில் வாசிக்க என் மகன் ஒப்புக்கொண்டிருக்கிறான். கிரேடு 5 அளவு போதும், நின்றுவிடாமல் எண்ணத் தெரிந்தால் போதும். ஞாயிறு காலை, வேளச்சேரிப் பக்கம். தாள் நான் தருகிறேன்.